சாவடியில் யார் உட்காருவது?



அன்னை மீனாம்பாள் சிவராஜ் நினைவாக இங்கே கூடியிருக்கிறோம். அவரைப் பற்றிப் பேச வந்தால் 1938-இல் சென்னையில் நடந்த பெண்கள் மாநாட்டையும் 'பெரியார்' என்ற பட்டத்தையும் சொல்லி முடித்துவிடுவது நம் மேடைகளின் வழக்கம். அவர் கௌரவ மாஜிஸ்திரேட்டாக இருந்தவர் என்பதை அதிகம் பேசுவதில்லை. ஒரு தலித் பெண் நாற்காலியில் உட்கார்ந்து விசாரித்தார், எதிரே நின்றவர்கள் பதில் சொன்னார்கள். இன்றைக்கு நாங்கள் பேச எடுத்துக்கொண்ட விஷயத்துக்கு அந்த நாற்காலி ரொம்ப முக்கியம்.

குடும்பப் பிணக்குகளை நீதிமன்றத்துக்கு வெளியே தீர்ப்பது பற்றிப் பேசச் சொன்னார்கள். நகரத்தில் இதற்கு 'சமரசத் தீர்வு' என்று பெயர். நம் வட்டாரத்தில் மூன்று சொற்கள் இருக்கின்றன: பேசி முடிக்கிறது, சேர்த்து வைக்கிறது, அத்துவிடுறது. இந்த மூன்றையும் செய்ய இங்கே எப்போதும் ஆட்கள் இருந்திருக்கிறார்கள். நீதிமன்றம் கடைசியாகத்தான் வருகிறது, பல பெண்களுக்கு வருவதே இல்லை. ஆகவே 'நீதிமன்றமா, வெளியிலா' என்று பட்டிமன்றம் நடத்திப் பயனில்லை. வெளியில்தான் பெரும்பாலும் நடக்கிறது. அங்கே யார் உட்காருகிறார்கள், பேச்சு பிடிக்கவில்லை என்றால் அந்தப் பெண்ணால் எழுந்து போக முடிகிறதா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

நீதிமன்றத்தைப் புகழவும் நாங்கள் வரவில்லை. விசைத்தறியில் வேலை செய்கிற, பூப்பறிக்கிற, பீடி சுற்றுகிற ஒரு பெண் ஒரு வாய்தாவுக்கு வந்தால் அன்றைக்குக் கூலி போச்சு. பஸ் செலவு, வக்கீல் குமாஸ்தாவுக்குக் கொடுப்பது, கைப்பிள்ளையோடு மரத்தடியில் மதியம் வரை காத்திருப்பது, பிறகு 'அடுத்த மாதம்' என்று ஒரு தேதி. இப்படி வருஷக்கணக்கில். 'கேஸ் போடு தாயி' என்று மேடையில் நின்று சொல்வது நமக்குச் சுலபம். அவளுக்கு ஊர்க்கூட்டம் என்றால் ஒரு ராத்திரியில் முடிந்துவிடும். அந்த ஒரு ராத்திரியில் என்ன முடிகிறது என்றுதான் பார்க்க வேண்டும்.

முதலில் நம்மிடம் இருந்த ஒரு நல்ல விஷயத்தைச் சொல்லிவிடுவோம். கல்லானாலும் கணவன் என்பது நம் தெருக்களின் வழக்கம் இல்லை. ஒத்துவரவில்லை என்றால் அத்துக்கொண்டு வந்து இன்னொருவருக்கு வாக்கப்படுவது உழைக்கும் சாதிகள் பலவற்றில் இருந்தது. கள்ளர் சமூகத்தில் கூட்டத்தின் முன்னால் ஒரு துரும்பைக் கொடுத்தால் மணம் முறிந்தது என்று பொருள் என எட்கர் தர்ஸ்டன் எழுதி வைத்திருக்கிறார். இந்து சட்டத் தொகுப்பு மசோதா விவாதத்தில், மணமுறிவு வந்தால் இந்து சமூகம் அழிந்துவிடும் என்று கூச்சலிட்டவர்களுக்கு பாபாசாகேப் அம்பேத்கர் சொன்ன பதிலும் இதுதான்: சூத்திரர் எனப்படும் மக்களிடம் வழக்கப்படி மணமுறிவு ஏற்கெனவே இருக்கிறது, இந்துக்களில் நூற்றுக்கு 90 பேர் அவர்கள்தான், 10 பேரின் சட்டத்தை 90 பேர் தலையில் கட்டப் பார்க்கிறீர்களா என்று கேட்டார். அந்த மசோதா முடக்கப்பட்டதை ஒரு முக்கியக் காரணமாகச் சொல்லித்தான் 1951-இல் அமைச்சர் பதவியை விட்டு வெளியே வந்தார்.

பிறகு 1955-இல் வந்த இந்து திருமணச் சட்டம், 29-ஆம் பிரிவின் 2-ஆம் உட்பிரிவில், வழக்கப்படியான மணமுறிவைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. ஆனால் அதில் ஒரு முள் இருக்கிறது. அப்படி ஒரு வழக்கம் தங்கள் சமூகத்தில் உண்டு, அது நெடுங்காலமாக நடந்துவருகிறது என்று சொல்பவர்தான் நிரூபிக்க வேண்டும். தமிழ்நாட்டிலிருந்து போன சுப்பிரமணி எதிர் சந்திரலேகா வழக்கில், வழக்கத்தை நிரூபிக்கவில்லை என்று உச்ச நீதிமன்றம் அந்த மணமுறிவை ஏற்க மறுத்தது. நாட்டாமை சொன்னார், ஊர் கூடியிருந்தது என்பது மட்டும் சாட்சியம் ஆகாது. நோட்டரியிடம் போய் 20 ரூபாய் பத்திரத்தில் 'இனிமேல் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளமாட்டோம்' என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறார்களே, அந்தக் காகிதம் மட்டும் திருமணத்தை முறிக்காது. இது தெரியாமல் எத்தனை பேர் அதைப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு டிரங்குப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள்!

எங்களிடம் வந்த ஒரு பெண்ணைச் சொல்கிறோம். இளவயதில் வாக்கப்பட்டு, அடி தாங்காமல் வந்து, ஊர்க்கூட்டத்தில் அத்துவிட்டார்கள். சில வருஷம் கழித்து இன்னொருவரோடு கல்யாணம், இரண்டு பிள்ளைகள். அவர் கேரளாவில் கட்டட வேலைக்குப் போன இடத்தில் இறந்துபோனார். இழப்பீட்டுப் பணம் வரும் என்றதும் அவருடைய அண்ணன் தம்பிகள் கேட்ட முதல் கேள்வி: 'நீ முதல் புருசனைக் கோர்ட்டுல தீர்த்தியா?' வாரிசுச் சான்றிதழுக்கு ஆட்சேபம் கொடுத்தார்கள். அத்துவிட்ட கூட்டத்தில் இருந்த நாட்டாமை செத்துப்போயிருந்தார். மற்றவர்கள் 'அந்தக் காலத்துல என்னமோ பேசுனாக' என்றார்கள். பத்து வருஷம் ஒருவரோடு குடும்பம் நடத்தியவள், ஒரே நாளில் யாருக்கும் மனைவி இல்லாதவள் ஆனாள். அத்துவிட்டது சரியான முடிவுதான். அந்த முடிவுக்குக் கால் இல்லை, அவ்வளவுதான். கூட்டத்தை விட்டு வெளியே ஒரு அடி நடக்க அதனால் முடியவில்லை.

இனி, யார் உட்காருகிறார்கள் என்பதற்கு வருவோம். நம் ஊர்களில் அத்தை மகன், மாமன் மகள் கட்டுவது சாதாரணம். அப்படியானால் பஞ்சாயத்தில் உட்காரும் பெரியவர் மாப்பிள்ளைக்குச் சித்தப்பா, பெண்ணுக்குத் தாய்மாமன். எதிர்த்துப் பேசினால் நியாயத்தை மட்டும் இழக்கமாட்டாள், தாய்மாமன் வீட்டையும் இழப்பாள். நாளைக்கு அவள் மகளுக்குச் சடங்கு என்றால் சீர் கொண்டுவர வேண்டியவர் அவர்தான். இந்தக் கணக்கெல்லாம் அவள் மனசில் ஓடிக்கொண்டிருக்கும்போது 'உனக்குச் சம்மதம்தானத்தா?' என்று கேட்பார்கள். அவள் தலையை ஆட்டுவாள். அதைச் சம்மதம் என்று எழுதிக்கொள்வார்கள்.

பாமாவின் 'சங்கதி' 1994-இல் வந்தது. பக்கத்து விருதுநகர் மாவட்டத்து எழுத்து. அதில் வரும் மாரியம்மா கதையை மாணவர்கள் கட்டாயம் படிக்க வேண்டும். தண்ணீர் குடிக்கப் போனவளை நிலக்காரர் ஒருவர் பம்புசெட்டுக்குள் இழுக்கிறார், அவள் தப்பித்து ஓடிவருகிறாள். விஷயம் வெளியே வரும் முன் அவரே முந்திக்கொண்டு அவள் சாதி நாட்டாமையிடம் வந்து, அவளையும் ஒரு பையனையும் சேர்த்துப் பழி சொல்லிவிடுகிறார். கூட்டம் நடக்கிறது. உண்மை தெரிந்த பெண்கள் பேச வாயெடுத்தால் அதட்டி அடக்குகிறார்கள். கடைசியில் அவளுக்கு 200 ரூபாய் தெண்டம், அந்தப் பையனுக்கு 100. நாம் பல முறை ஆதிக்கசாதிப் பஞ்சாயத்தைப் பற்றிப் பேசியிருக்கிறோம். பாமா காட்டியது நம் பஞ்சாயத்தை. நிலக்காரரின் பொய் நம் சாவடியில் நம் ஆண்களின் வாயால் தீர்ப்பாக மாறுகிறது. வெளியில் மரியாதை கிடைக்காத ஆண், உள்ளே நீதிபதியாக இருக்கிற ஒரே இடம் அந்தச் சாவடி. அதை அவர் லேசில் விட்டுக்கொடுக்கமாட்டார்.

தெண்டம் எங்கே போகிறது என்பதையும் யோசியுங்கள். ஊர்ப் பொதுவுக்குப் போகும், கோயில் கொடைக்குப் போகும். அடிபட்டவள் கைக்கு வராது. சீராகப் போன பண்டபாத்திரத்தை எண்ணித் திருப்பிக் கொடுப்பார்கள், அதில் நம் ஊர்கள் படு கறார், ஒரு சருவச்சட்டி குறைந்தாலும் விடமாட்டார்கள். ஆனால் மாதாமாதம் பிள்ளைக்கு என்ன தருவான் என்ற கேள்வி பெரும்பாலும் எழுவதே இல்லை. எழுந்தாலும் 'மொத்தமா ஒரு தொகையைக் கொடுத்துத் தீர்த்துவிடுங்க' என்பார்கள். அந்தத் தொகை ஊர் பெரிய மனிதர்களின் கூச்சத்தைத் தீர்க்கும், பிள்ளையின் பள்ளிக்கூடச் செலவைத் தீர்க்காது.

சாதி கடந்த திருமணம் என்றால் ஊர்க்கூட்டம் வேறு முகம் காட்டும். 2012-இல் தருமபுரியில் பெண்ணைத் திருப்பி ஒப்படைக்க வேண்டும் என்று பஞ்சாயத்துப் பேசினார்கள். அந்தப் பெண் வர மறுத்தார். அதன் பிறகு நவம்பர் 7-ஆம் தேதி நத்தம் காலனி எரிந்ததும் அடுத்த ஆண்டு ஜூலையில் இளவரசன் பிணமாகக் கிடந்ததும் உங்களுக்குத் தெரியும். அதற்கு ஒரு வருஷம் முன்பே, 2011 ஏப்ரலில், ஆறுமுகச் சேர்வை வழக்கில் கட்டப்பஞ்சாயத்து முற்றிலும் சட்டவிரோதம் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. அது சாதிப் பெயரைச் சொல்லி இழிவுபடுத்திய வழக்கு என்பதைக் கவனியுங்கள். வன்கொடுமையும் கட்டப்பஞ்சாயத்தும் ஒரே தீர்ப்பில் வந்தது தற்செயல் இல்லை. 2018-இல் சக்தி வாஹினி வழக்கில், வயதுவந்த இருவரின் திருமணத்தில் தலையிட எந்தக் கூட்டத்துக்கும் அதிகாரம் இல்லை என்று மறுபடி சொன்னார்கள். இதெல்லாம் எங்கோ நடப்பது என்று நினைக்க வேண்டாம். 2022 செப்டம்பரில் இதே சங்கரன்கோவில் பக்கம் பாஞ்சாகுளத்தில், நம் பிள்ளைகள் மிட்டாய் வாங்கப் போனபோது கடைக்காரர் சொன்ன காரணம் 'ஊர்க் கட்டுப்பாடு'. மிட்டாய்க்கே கட்டுப்பாடு போடும் கூட்டத்திடம் கல்யாணத்தைப் பற்றி என்ன நியாயம் கேட்பது?

காவல் நிலையத்துக்கு வருவோம். 1992-இல் சென்னை ஆயிரம் விளக்கில் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் திறந்தார்கள். பெண் போலீஸிடம் பெண் தயங்காமல் பேசுவாள் என்பது நோக்கம். நல்ல நோக்கம்தான். நடைமுறையில் பல இடங்களில் அது சீருடை போட்ட சாவடியாகிவிட்டது. புகார் கொடுத்தால் வழக்குப் பதிவதற்குப் பதில் சி.எஸ்.ஆர். ரசீது ஒன்று கையில் கொடுத்து, இரண்டு பக்கத்தையும் வரச்சொல்லி, 'ரெண்டு பிள்ளையப் பெத்துட்டு இனி எங்க போவ?' என்பார்கள். கடைசியில் 'சேர்ந்து வாழச் சம்மதம்' என்று எழுதி வாங்குவார்கள். நாங்கள் துணைக்குப் போன ஒரு நிலையத்தில் ஒரு பெண் மூன்றாவது முறையாக அப்படி எழுதிக் கொடுத்தாள். முதல் இரண்டு காகிதங்களும் அதே அலமாரியில்தான் இருந்தன. எடுத்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

இன்னொரு இடத்தையும் சொல்லியாக வேண்டும், இங்கே வந்திருக்கிற தோழர்களில் சிலருக்குப் பிடிக்காது. கட்சி அலுவலகங்களிலும் இயக்க அலுவலகங்களிலும் குடும்பப் பஞ்சாயத்து நடக்கிறது. போலீஸ் கேட்காததைத் தோழர் கேட்பார் என்று நம்பித்தான் மக்கள் வருகிறார்கள். அந்த நம்பிக்கை சம்பாதித்தது, குறைத்துச் சொல்லக்கூடாது. ஆனால் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் வாக்குக் கேட்கப் போக வேண்டியவர். கணவனின் தெருவில் 40 ஓட்டு இருக்கிறது என்றால் நாக்கு கொஞ்சம் வளைந்துதான் பேசும். சுவரில் அம்பேத்கர் படம் மாட்டிவிட்டு, கீழே 'பொம்பளைதான் அனுசரிச்சுப் போகணும்' என்று சொல்கிற அலுவலகம், நாட்டாமையின் சாவடியிலிருந்து எந்த விதத்தில் வேறு?

பெண்களே நாற்காலியைப் பிடித்த கதையும் தமிழ்நாட்டில் உண்டு. புதுக்கோட்டையில் ஷரீஃபா கானம் முன்னின்று தொடங்கிய தமிழ்நாடு முஸ்லிம் பெண்கள் ஜமாஅத். ஆண்கள் ஜமாஅத்தில் பெண்ணின் மணமுறிவைப் பேசும்போதுகூட அந்தப் பெண்ணுக்கு உள்ளே இடம் இல்லாத ஊர்கள் இருந்தன. அதனால் பெண்களே கூடினார்கள், மனு வாங்கினார்கள், எதிர்த்தரப்புக்குக் கடிதம் எழுதினார்கள், தேவைப்பட்டால் காவல் நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் கூடவே போனார்கள். தீபா தன்ராஜ் 2011-இல் எடுத்த ஆவணப்படத்தில் அதைப் பார்க்கலாம். நீதிமன்றத்துக்கு வெளியே பேசினார்கள், ஆனால் நீதிமன்றத்தின் கதவைச் சாத்திவிட்டுப் பேசவில்லை. நமக்கு அதில் பாடம் இருக்கிறது.

சட்டமே நடத்தும் சமரசத்தைப் பற்றியும் பார்ப்போம். 2005-இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் சமரச மையம் தொடங்கினார்கள், இந்தியாவில் நீதிமன்றத்தோடு இணைந்து வந்த முதல் மையங்களில் ஒன்று. மக்கள் நீதிமன்றம் என்கிற லோக் அதாலத் இருக்கிறது. 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி, அங்கே இரு தரப்பும் ஒத்துக்கொண்டு எழுதினால் அது சிவில் நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம். மணமுறிவைத் தவிர மற்ற குடும்பப் பிணக்குகளை அங்கே எடுக்கிறார்கள். வழக்கே போடாமல் நேரடியாகவும் மனு கொடுக்கலாம். அதே சட்டத்தின் 12-ஆம் பிரிவுப்படி பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும் வருமானம் எவ்வளவாக இருந்தாலும் இலவச வக்கீல் உண்டு. தொலைபேசி எண் 15100. இதை நம் தெருச் சுவர்களில் எழுத வேண்டும், தலைவர்களின் பிறந்தநாள் வாழ்த்துக்குப் பக்கத்திலாவது.

ஆனால் எச்சரிக்கையும் வேண்டும். லோக் அதாலத்தில் கையெழுத்துப் போட்டால் மேல்முறையீடு கிடையாது. அதிகபட்சம் உயர் நீதிமன்றத்துக்கு ரிட் மனுவோடு போகலாம், அது எளிதில்லை. ஒரே நாளில் நூற்றுக்கணக்கான வழக்கை முடித்துப் பத்திரிகையில் எண்ணிக்கை போடுகிற அவசரத்தில், 'இதுலயே முடிச்சுக்கம்மா' என்று சொன்னால் அவசரப்படக் கூடாது. அங்கே உட்காருபவர்கள் தீர்ப்புச் சொல்ல முடியாது, சம்மதம் இருந்தால் மட்டுமே எழுத முடியும். 'எனக்கு ஒரு வாரம் வேணும்' என்று அவள் சொல்லலாம். அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லப் பழக்குவதே எங்களுக்குப் பாதி வேலை.

2023-இல் சமரசச் சட்டம் என்று ஒன்று நிறைவேறியிருக்கிறது. அதில் சமூக சமரசம் என்று ஒரு பகுதி. ஊர் அமைதியைக் கெடுக்கக்கூடிய பிணக்குகளை மூன்று பேர் குழு பேசித் தீர்க்கலாம். அந்த மூவராக யாரைப் போடலாம்? சமூகத்தில் மதிப்பும் நேர்மையும் உள்ளவர்கள் என்கிறது சட்டம். பெண்களின் பிரதிநிதித்துவம்? கருத்தில் கொள்ளலாம், அவ்வளவுதான். கட்டாயம் இல்லை. நம் ஊரில் 'மதிப்புள்ளவர்' என்றால் யார் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சங்கரன்கோவில் சட்டமன்றத்துக்குத் தனித்தொகுதி. தமிழ்நாட்டு உள்ளாட்சியில் பெண்களுக்கு 50 சதவீதம். அரசு எழுதிய இடங்களிலெல்லாம் நாற்காலி கிடைத்திருக்கிறது, எழுதாமல் விட்ட இடத்தில் பழைய ஆட்களே உட்கார்ந்திருக்கிறார்கள். அந்தக் குழுவில் எட்டும் உடன்பாட்டை நீதிமன்றத் தீர்ப்பைப் போல நிறைவேற்றவும் முடியாது. பழைய சாவடிக்கு அரசாங்கப் பெயர்ப்பலகை மாட்டுகிற வேலையாக இது ஆகிவிடக் கூடாது.

இதற்கு நேர்மாறாக, குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்துக்காக 2006-இல் எழுதிய விதிகளில் 14-ஆவது விதியைப் படியுங்கள். ஆலோசனை நடக்கும்போது, தான் செய்த வன்முறைக்கு எதிர்த்தரப்பு நியாயம் கற்பிக்க அனுமதியில்லை. 'அவ வாய் நீளம், அதான் அடிச்சேன்' என்று பேச ஆரம்பிக்கவே முடியாது. இனி அடிக்கமாட்டேன் என்று உறுதிமொழி கொடுத்த பிறகுதான் மற்றப் பேச்சு. எங்களைப் பொறுத்தவரை எந்தச் சாவடிக்கும் எந்த அலுவலகத்துக்கும் அளவுகோல் இது. அடியைப் பேரம் பேசும் பொருளாக வைக்கிற இடத்திலிருந்து பெண்ணைக் கூட்டிக்கொண்டு எழுந்து வந்துவிட வேண்டும்.

பணத்தைப் பற்றி ஒரு விஷயம், மாணவர்கள் குறித்துக்கொள்ளுங்கள். பழைய 125-ஆவது பிரிவு, இப்போது 2024 ஜூலை முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆவது பிரிவு, ஜீவனாம்சத்துக்கானது. 2020 நவம்பரில் ரஜ்னேஷ் எதிர் நேகா வழக்கில், மனு போட்ட தேதியிலிருந்து ஜீவனாம்சம் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் வகுத்தது. இரு தரப்பும் வருமானம், சொத்து விவரத்தைப் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும் என்றும் சொன்னது. இதன் பொருள் என்ன? மனு போடாமல் ஆறு மாதம் சாவடியில் பேசினால் அந்த ஆறு மாதப் பணத்துக்குக் கணக்கே தொடங்குவதில்லை. 'கேஸ் கீஸ்னு போகாத, பேசிக்கிடலாம்' என்று ஒருவர் சொல்லும்போது, அவர் அவளிடமிருந்து மாதாமாதம் பணத்தை எடுத்துக் கணவனிடம் கொடுத்துக்கொண்டிருக்கிறார். ஆகவே நாங்கள் கடைப்பிடிக்கும் முறை: முதலில் மனு, பிறகு பேச்சு. மனு போட்டால் மாப்பிள்ளை வீட்டார் கோபப்படுவார்கள், ஊர் பேசாது என்பார்கள். எங்கள் அனுபவத்தில் சம்மன் போன பிறகுதான் அவர்கள் வேகமாகப் பேச வருகிறார்கள்.

போன வருஷம் அப்படி ஒன்றைப் பேசினோம். விசைத்தறித் தொழிலாளி, ஒரு பிள்ளை. சேர்ந்து வாழ அவளுக்கு விருப்பம் இல்லை, அவனுக்கும் இல்லை, அவன் அம்மாவுக்குத்தான் இருந்தது. நாட்டாமையைக் கூப்பிட்டோம், அவரை ஒதுக்கிவிட்டு அந்தத் தெருவில் அவள் வாழ முடியாது. ஆனால் சாவடியில் இல்லை, நூலகத்து வராண்டாவில் உட்கார்ந்தோம். ஐந்து பேரில் மூன்று பேர் பெண்கள். அவளோடு தனியாக ஒரு மணி நேரம் பேசிய பிறகே எல்லோரும் கூடினோம். மாதத் தொகை, எந்தத் தேதிக்குள் வங்கிக் கணக்கில் போட வேண்டும், பிள்ளையை அப்பா எந்த ஞாயிற்றுக்கிழமைகளில் பார்க்கலாம், ரேஷன் கார்டில் பெயர் நீக்கம் எல்லாம் எழுதினோம். படித்துக் காட்டியபோது அவள், 'என் தையல் மெசின எழுதலயே' என்றாள். எழுதினோம். அதை மக்கள் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோய்த் தீர்ப்பாகப் பதிந்தோம். மணமுறிவுக்கு, ஒரு வருஷம் தனித்து வாழ்ந்தபின், இருவரும் சேர்ந்து 13-பி பிரிவில் மனுப் போட்டார்கள். நாட்டாமைக்குச் சாட்சிக் கையெழுத்து. 'நான் தீர்ப்புச் சொல்லல, சாட்சிதானா?' என்று கேட்டுக்கொண்டே போட்டார்.

ஏழு மாதம் பணம் வந்தது. பிறகு இரண்டு மாதமாக வரவில்லை. இந்த முறை யாரும் கூட்டம் போட வேண்டியிருக்கவில்லை. கையில் தீர்ப்பு இருக்கிறது, நிறைவேற்று மனு போட்டிருக்கிறாள். வாய்தா வருகிற 18-ஆம் தேதி, காலை பத்தரை மணி. கூடப்போக ஆள் வேண்டும், வர முடிந்த தோழர்கள் கூட்டம் முடிந்ததும் பெயர் கொடுத்துவிட்டுப் போங்கள்.

ஜெய்பீம்.